முதலில் பலகை

யாராவது விழுந்தால் அவர் ஆளைப் பார்க்க மாட்டார். பலகையைத்தான் பார்ப்பார்.

அது எந்தப் பக்கம் உருள்கிறது, கவிழ்ந்து கிடக்கிறதா நிமிர்ந்து கிடக்கிறதா என்று கண்ணாலேயே தொடர்ந்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் எடுப்பார். வால் பக்கத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார். ‘ணங்’ என்று வந்தால் முகம் விரியும். ‘டொப்’ என்று வந்தால் துக்க வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான், படிக்குக் கீழே காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறவன் பக்கம் திரும்புவார். திரும்பியும் கேட்பது ஒன்றுதான்.

“ஏன்டா பலகையப் போட்டு அடிக்கிற?”

ஈப்போவில் பல வருஷமாக மூடிக் கிடக்கிற ஒரு பேரங்காடியின் முன்படிகள்தான் எங்கள் இடம். பக்கவாட்டில் சின்னப் படி. வாசலுக்கு நேரே உயரமான படிக்கட்டு, அதுதான் பெரிய படி, இறங்கினால் கொஞ்சம் சிமெண்டுத் தளம், அதற்கப்புறம் சாலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கூடுவோம். பெரும்பாலும் ஜெலாப்பாங் பக்கம் கிலாங் என்கிற தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். நான் டயர் கடையில் இருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சக்கரம் மாட்டி அனுப்பிய காடி கண்ணுக்கு மறைந்த பிறகும், நட்டை முறுக்கினேனா இல்லையா என்று சாலையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவனுக்கு ஸ்கேட்போர்டு எதற்கு என்றால், லோகன் போனான், நானும் போனேன். ஒரே பிளாட்டில் மேல் வீடு கீழ் வீடு. சமதளத்தில் ஓட்டுவேன். படியில் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. என் பையில் ஐஸ், கட்டுத்துணி, தைலம், பிளாஸ்டர் இருக்கும். அதனால் அவர் எனக்கு மிஸி என்று பேர் வைத்தார். ஆஸ்பத்திரித் தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அண்ணே. நாற்பதை நெருங்கியிருப்பார். பிளைவுட் அழுத்தி அறுக்கிற கிலாங்கில் வேலை. நாங்கள் போர்டு என்போம், அவர் மட்டும் பலகை என்பார். வலது முட்டி பாதிக்கு மேல் மடங்காது. பெரிய படியின் கடைசிப் படியில் அந்தக் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக யார் வந்தாலும் போனை எடுத்து ஒரு பழைய வீடியோவைக் காட்டுவார். அதில் மெலிந்த ஒருவர் அதே பெரிய படியின் மேலிருந்து பறந்து வந்து இறங்கி, நிற்காமல் சாலை ஓரம் வரை உருண்டு போவார். “யாருன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனைப் பையில் போட்டுக்கொள்வார்.

படியிலிருந்து குதித்தால் உடம்புக்கும் மரத்துக்கும் என்ன ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. பலகையில் காலுக்கு இரண்டே இடம்தான் என்பார். முன் நட்டுகளுக்கு மேலே ஒரு கால், பின் நட்டுகளுக்கு மேலே ஒரு கால். அடியில் இரும்பு அச்சு இருப்பதால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். நடுவில் வெறும் மரம். அங்கே கால் விழுந்தால் வளையும், வளைந்தது முறியும். வாலில் விழுந்தால் வால் போகும், ஆள் பின்னால் சாய்ந்து கையை ஊன்றுவான், மணிக்கட்டும் போகும். இறங்குகிற நேரத்தில் குந்தி உட்காருகிற மாதிரி முட்டியை மடக்க வேண்டும். மடக்கினால் அடி தொடையோடு கரைந்துவிடும், மிச்சத்தைச் சக்கரம் முன்னால் உருட்டிக் கொண்டு போய்விடும்.

“மடக்காம வெறப்பா எறங்குன, அவ்ளோதான். குதிகால்ல ஏறும், கணுக்கால், முட்டி, இடுப்புன்னு ஒவ்வொரு மாடியா நின்னு போவும், லிப்ட் மாதிரி,” என்பார். சொல்லும்போது கண் மின்னும்.

எங்கள் செருப்பு தேய்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தே யாருக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. கட்டை விரலால் அந்த இடத்தில் அழுத்துவார். தாடையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். இன்னும் கொஞ்சம் அழுத்துவார். “இங்கதான? சரியா சொன்னேன்ல?” என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார். வலியை அவர் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். அதை என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு வந்ததே இல்லை.

மழை என்றால் இன்னும் மோசம். ஈப்போ மழைதான் தெரியுமே, சாயங்காலம் நெருங்கினால் மலைப் பக்கமிருந்து சொல்லாமல் வந்து கொட்டும். அந்த வாசலில் ஒதுங்க இடம் கொஞ்சம்தான். அவர் முதலில் பலகைகளை எல்லாம் வரிசையாகச் சுவரோரம் அடுக்கச் சொல்வார். அடுக்கிய பிறகு நாங்கள் நிற்க இடம் இருக்காது. நனைந்துகொண்டே நிற்போம்.

“பலகைக்குத் தண்ணி ஆகாது, ஊறுனா சத்தம் செத்துரும். ஒனக்கு என்ன? நீ என்ன பசை போட்டு ஒட்டுன ஆளா?”

இதற்கு எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், உள்ளுக்குள் சளிக்காய்ச்சலை நினைத்துக்கொண்டு.

முதலில் பலகை என்பதை அவர் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. நான் சேர்ந்த புதிதில், ஒருவன் விழுந்த நேரத்தில் ஆளில்லாத பலகை சாலைக்குள் ஓடி, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு வந்த ஓர் ஆன்ட்டியின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் புகுந்துவிட்டது. பிரேக் பிடித்தாரோ, சாமி பிடித்ததோ, ஆன்ட்டி விழவில்லை. கத்தரிக்காய்தான் சாலையெல்லாம் உருண்டது. அன்றிலிருந்து சட்டம்: விழுந்தால், கிட்டே இருக்கிறவன் முதலில் பலகையைப் பிடிக்க வேண்டும். தட்டிப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அது மேலே போன பிறகுதான் மற்றவர்கள் விழுந்தவனிடம் போகலாம். சாலையை நினைத்தாலே எனக்கு நடுக்கம் என்பதால் இந்தச் சட்டம் ஆரம்பத்தில் எனக்குப் பிடித்தும் இருந்தது. நாள் போகப் போக, பலகை சாலைப் பக்கமே போகாமல் விழுந்தவனின் வயிற்றின் மேலேயே கிடந்தாலும், அதை எடுத்துத் தட்டித் தூக்கும்வரை நாங்கள் அசையாமல் நின்றோம். பழகிப் போச்சு.

அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் இப்போது இல்லை, தாமான் என்று வரிசை வீடுகள் வந்துவிட்டன. இப்போது அவரே அங்கேதான், அக்கா வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே கதைதான், அதையும் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். அவருடைய அம்மா பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு நகராமல் கிடந்திருக்கிறார். ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி மோட்டாரில் வந்து, இறங்காமலேயே கேட்டாராம்.

“பால் எவ்ளோ கொட்டிருச்சு?”

கிராணி குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நாங்கள் சும்மா இருந்தால், “சிரிங்கடா” என்பார்.

லோகனுக்கு அப்போது சிங்கப்பூரில் வேலை வந்திருந்தது. சாமான் ஏற்றி இறக்குகிற கிடங்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும், தூக்க வேண்டும். போவதற்கு முன்னால் உடம்புப் பரிசோதனை உண்டு. அவன் அம்மா அந்த வேலையை நம்பி, ஆபீஸ்களில் தரை துடைக்கிறதை நிறுத்திவிடலாம் என்று அக்கம் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தேவை இரண்டு நல்ல கால். அதில் ஒன்று ஏற்கெனவே சரியில்லை. சின்னப் படியில் தப்பாக இறங்கி இடது குதிகாலில் உள்காயம். காலையில் பிளாட் படியில் அவன் நுனிக்காலில் இறங்குவதைப் பார்த்து, நான் தினமும் நச்சரித்தேன். வெள்ளிக்கிழமை பரிசோதனை, அதுவரை போர்டைத் தொடாதே என்றேன். சரி சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை சும்மா எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளத்தான் வருகிறேன் என்று வந்தான்.

வந்தவனின் செருப்பைத்தான் அவர் முதலில் பார்த்தார். உட்காரச் சொல்லி, குதிகாலில் கட்டை விரலை வைத்தார். லோகன் துள்ளினான்.

“இந்தக் காலோட பெரிய படி வேணாம்லா மச்சான்,” என்றார், ரொம்ப அன்பாக. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “விடுங்கடா. பெரிய படிய ஒரு தடவகூட எறங்காமலே ஊர விட்டுப் போறான். அங்க போயி என்ன சொல்லுவான்? ஈப்போவுல மிஸிகூட ஒக்காந்து ஐஸ் வச்சிக்கிட்டு இருந்தேன்னு சொல்லுவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். லோகன் எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். உதறிவிட்டு மேலே ஏறினான்.

அவன் நன்றாகத்தான் பறந்தான். இறங்குகிற நேரத்தில், வலிக்கிற குதிகாலைக் காப்பாற்றுவதற்காக இடது காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். அது நட்டை விட்டு நடுவில் விழுந்தது. மரம் முறிகிற சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டு துண்டாகப் பிளந்த பலகைக்கு நடுவே அவன் பாதம் போய், கணுக்கால் வேறு பக்கம் திரும்பியது.

அவர் துண்டுகளை எடுத்து, முறிந்த வாயோடு வாய் வைத்துப் பொருத்தி, மர அடுக்குகளை விரலால் தடவினார். “பாரு. நடு சென்டர்ல வச்சிட்டான். நான் சொன்னேனா இல்லியா?” துண்டானதைத் தலைக்கு மேலே எப்படித் தூக்குவது என்று அவருக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்தது. இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கினார். அதற்குப் பிறகுதான் நான் ஓடினேன்.

கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர், சுளுக்குதான், ஆஸ்பத்திரி போனால் நாள் பூராவும் உட்கார வைப்பான், சுளுக்கெடுக்கிற சீன வைத்தியர் சின்சே ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஓடுவான் என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். லோகனே சின்சேதான் என்றான். எங்கள் ஆட்களுக்கு எந்தக் கால் வீங்கினாலும் அது சுளுக்குதான், வேறு மாதிரி யாராவது சொல்லும்வரை. அதிலும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது பேப்பரில் ஏறி, பரிசோதனையில் தெரிந்துவிடும் என்ற பயம் அவனுக்கு. அவருடைய காடியில்தான் போனோம். பலகைத் துண்டுகள் முன் சீட்டில் இருந்தன. பின் சீட்டில் லோகனின் காலை என் மடியில் வைத்துக்கொண்டு நான், ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் முகத்தைப் பார்த்தபடி.

சின்சே கிழவர் காலைத் தொடவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு உடைந்திருக்கிறது, நான் கை வைக்க மாட்டேன், கொண்டு போ என்று மலாயில் சொன்னார். திரும்பக் காடியில் ஏறும்போது லோகனின் உதடு வெளுத்திருந்தது. எனக்கு வேலை போச்சா என்று என்னைக் கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். காடியை ஓட்டிக்கொண்டே அவர் முன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

“எலும்பு ஒட்டிக்கும்லா. பலகைதான் ஒட்டாது.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். வார்டுக்கு அவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். எக்ஸ்ரே படம் எங்கே என்று கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். “இனிமே பயமில்ல. எங்க கால் வச்சாலும் நட்டு மேலதான் நிப்ப.” வந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்கள். லோகனும் சிரித்தான். அவன் அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. வேறு ஆள் எடுத்துக்கொண்டார்களாம்.

லோகன் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான், கட்டையை ஊன்றிக்கொண்டு. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஏன் வருகிறாய் என்றால், வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பான். கடைசிப் படியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்காருவான். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் அந்த வீடியோவைக் காட்டும்போதெல்லாம் இவன் எட்டிப் பார்ப்பான். இன்னொரு தடவை போடுங்கண்ணே என்பான். ரொம்ப மரியாதையாக இருப்பான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு நாள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது கேட்டான். “வீடியோவுல மூஞ்சி தெரியலயேண்ணே. அது நீங்கதானா?”

யாரோ ஒருவன் ‘க்ளுக்’ என்று சிரித்தான். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு வரும்போது கையில் புதுப் பலகை. கிலாங்கில் அவரே அடுக்கி ஒட்டி அழுத்தி அறுத்தது. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பெரிய படியின் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, முட்டி மடங்காதுண்ணே. நீங்கதான சொன்னீங்க, மடங்கலன்னா மேல ஏறும்னு.”

“மிஸி, இந்தா. தட்டிப் பாரு.”

தட்டினேன். கோயில் மணி மாதிரி இருந்தது.

“அப்புறம் என்னடா?” என்று வாங்கிக்கொண்டார்.

முட்டியைத் தட்டிப் பார்க்க யாராலும் முடியாதே. நான் திரும்பி லோகனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ‘வேணாண்ணே’ என்று அவன் சொன்னால் போதும், இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரியும். அவன் கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, சினிமா பார்க்கிற மாதிரி அண்ணாந்து உட்கார்ந்திருந்தான்.

அவர் பறந்தபோது அது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போனது. அதே மெலிந்த ஆள், அதே விரிந்த கைகள். இரண்டு காலும் நட்டுக்கு மேலே, ஒரு விரல் தள்ளாமல் இறங்கின. இடது முட்டி மடங்கியது. வலது மடங்கவில்லை. ஒரு சத்தம் கேட்டது. பலகை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பலகை முழுசாக உருண்டு லோகனின் பக்கம் போனது. அவர் தளத்தில் கிடந்தார். வலது கால் தொடைக்குக் கீழே எங்கேயோ தனியாகப் போகிற மாதிரி கிடந்தது.

லோகன் கட்டையால் பலகையைத் தடுத்து நிறுத்தினான். மெதுவாகக் குனிந்து எடுத்தான். சட்டப்படி அவன் தட்டிப் பார்க்க வேண்டும், தூக்கிக் காட்ட வேண்டும். அவன் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் காத்திருந்தான். அப்புறம் அடுத்த சக்கரம். ஓரத்தை விரலால் தடவினான். அவ்வளவு பேரும் நின்றோம். ஓர் ஆள் தரையில் துடிக்க, ஒரு பலகை மேலே போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம். அவர் கூப்பிடுவார், கத்துவார், என்னைப் பாருங்கடா என்று ஒரு வார்த்தையாவது வரும் என்று லோகன் காத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என்னால் முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முகம் சாம்பலாகியிருந்தது. பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்து முறைத்தார்.

“பலக இன்னும் தூக்கல மிஸி. ஏன் வந்த?”

லோகன் எழுந்து, கட்டையை ஊன்றி ஊன்றி வந்தான். அவர் காதுக்குப் பக்கத்தில், வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். ணங். அந்தக் கால் அப்படிக் கிடக்க, அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நிஜமாகவே கேட்டார். முகம் விரிந்தது.

“நல்ல சத்தம்லா,” என்றார்.

லோகன் பலகையைத் தலைக்கு மேலே தூக்கினான். அவனுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. மற்றவர்கள் வந்து சூழ்ந்தார்கள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வர நேரமாகும், ஆளை நகர்த்தக் கூடாது என்றார்கள். மலைப் பக்கம் கறுத்து, பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு லோகன் தன் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்தான். எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே, பலகையின் மேல் போர்த்தினான். ஓரத்தில் தண்ணீர் போகாதபடி சுற்றிச் சுற்றிச் செருகினான். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தான்.

மழை அவர் முகத்தில் நேராக அடித்தது. நான் இரண்டு கையையும் விரித்து அவர் கண்ணை மறைத்துப் பிடித்தேன். அவர் என் கைக்கு அடியில் கழுத்தை வளைத்து, அந்த மழைக்கோட்டைப் பார்த்தார்.

“இப்பதான்டா அவனுக்கு வெளங்கிருக்கு,” என்றார், சந்தோஷமாக.